தண்ணீருக்கு வழிவிட்டால் பாதை நிலைக்கும்

அமெரிக்காவின் கிழக்கில், ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடிகிறது அப்பலாச்சியன் நடைபாதை. 14 மாநிலங்கள், சுமார் 3,500 கிலோமீட்டர். 1921-இல் பென்டன் மெக்கை முன்வைத்த யோசனை, 1937-இல் முழுப் பாதையாயிற்று. இன்றுவரை அதன் அன்றாடப் பராமரிப்பைப் பெரும்பாலும் செய்துவருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். குப்பை பொறுக்குவதுதான் அவர்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் மல்லுக்கு நிற்பது தண்ணீரோடு.

மனிதர் நடக்க நடக்க மண் இறுகி, பாதை நடுவில் பள்ளமாகிறது. மழைநீர் அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் வேகமெடுத்து மண்ணை அரிக்கிறது. கல்லும் வேரும் வெளியே தெரிகின்றன; சமதளத்தில் சேறு தேங்குகிறது. சேற்றுக்கு அஞ்சி நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்க, அங்கிருந்த செடிகள் மிதிபட்டு அழிந்து, பாதை அகலமாகிக்கொண்டே போகிறது. ஆகவே, தண்ணீர் பாதையோடு ஓடாமல் உடனுக்குடன் பக்கவாட்டில் இறங்கிவிட வேண்டும். அதற்காகப் பாதையைப் பள்ளத்தாக்குப் பக்கம் லேசாகச் சரித்து அமைக்கிறார்கள். செங்குத்தான இடங்களில் கல்லையோ மரக்கட்டையையோ குறுக்கே சாய்வாகப் பதித்து நீரைத் திருப்புகிறார்கள்.

இந்தத் தடுப்புகளைப் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. இலையுதிர் காலச் சருகும் மண்ணும் தடுப்பையொட்டி நீர் வெளியேறும் வாய்க்காலை அடைத்துவிட்டால், நீர் தடுப்பின் மேலேறி மறுபடியும் பாதையிலேயே பாயும். யாராவது மண்வெட்டியோடு வந்து அடைப்பை எடுத்தாக வேண்டும், ஆண்டுதோறும். அதனால்தான் சுமார் 30 மலைநடைச் சங்கங்கள் பாதையைப் பங்கிட்டுக்கொண்டு, பல இடங்களில் சில கிலோமீட்டர் தூரத்தை ஒருவர் பொறுப்பிலேயே விட்டிருக்கின்றன. எந்த வளைவில் ஊற்று கசியும், எந்த மரம் சாயப்போகிறது என்பதெல்லாம் திரும்பத் திரும்ப வருபவருக்கே தெரியும். விழுந்த மரத்தை அகற்றுவது, புதரை வெட்டுவது, 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள வெள்ளை வழிக்குறிகளைப் புதுப்பிப்பது எல்லாம் அவர் பொறுப்புதான். இயந்திர ரம்பம் பிடிக்கப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் இயந்திரத்துக்கே இடமில்லை என்பதால், அங்கே இருவர் இழுக்கும் ரம்பம்தான்.

‘அரசு செய்ய வேண்டியதை இவர்கள் ஏன் இலவசமாகச் செய்ய வேண்டும்?’ என்ற கேள்வி நியாயமானது. 1968-இல் இது தேசியப் பாதையாக அறிவிக்கப்பட்டது. நிர்வாகப் பொறுப்பு தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கிறது. சங்கங்கள் அதன் கூட்டாளிகள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தெற்கு அப்பலாச்சிய மலைகளில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்து, பாலங்களை அடித்துச் சென்றது. அத்தகைய அழிவைத் தன்னார்வத்தால் மட்டும் சரிசெய்துவிட முடியாது. நிதி, பொறியாளர், கருவி, பயிற்சி ஆகியவற்றைத் தருவது அரசின் கடமை. தன்னார்வலர்கள் இருக்கிறார்கள் என்பதைக் காட்டி அந்த நிதியைக் குறைப்பது பெரும் பிழை.

ஆனால் எவ்வளவு நிதி கொடுத்தாலும், ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் கண்ணை விலைக்கு வாங்க முடியாது. மலைப்பாதைக்கு உதவ விரும்புபவர் ஒரு நாள் விழாவுக்குப் போவதைவிட, சிறிய தூரத்தை ஏற்றுக்கொண்டு ஒவ்வொரு பருவத்திலும் திரும்பிப் போவதே மேல். நடக்க மட்டும் வருபவரும் பங்கெடுக்கலாம்: சேற்றைக் கண்டால் ஓரம் ஒதுங்காமல் அதன் நடுவிலேயே நடந்து போகட்டும்.