வானத்துக்கும் ஊர் உண்டு

நமது சஞ்சிகைகளின் நோன்புக்கால இதழ்களையும் பெருநாள் மலர்களையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். அட்டையில் ஒரு பிறை இருக்கும். இல்லாவிட்டால் ஈச்சை மரத்துக்குப் பின்னால் ஓர் அந்திவானம் இருக்கும். அது எந்த ஊர் வானம், எடுத்தவர் யார் என்பதற்கு உள்ளே ஒரு வரி இராது. மிஞ்சிப்போனால் 'நன்றி: இணையம்'. நாலு வரிக் கவிதை எழுதியவரின் பெயரை ஊரோடு சேர்த்து அச்சிடுகின்ற நாம், மலரைக் கையில் எடுக்கவைத்த படத்தை மட்டும் அநாதையாக விட்டுவிடுகிறோம்.

புத்தளம் களப்போரத்தில் நின்று பல வருடங்களாக வானத்தைப் படம்பிடித்து வருபவன் என்ற வகையில் இதைச் சின்ன விடயமாக என்னால் கருத முடியவில்லை. இதற்குப் பின்னால் இருப்பது மறதியல்ல, ஓர் அபிப்பிராயம். வானப்படம் என்றால் எவரும் எடுக்கக்கூடியது, எதையும் சொல்லாதது, யாருக்கும் உறுத்தாதது என்ற அபிப்பிராயம்.

வேடிக்கை என்னவென்றால், ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்க்காத இரு சாராரும் இதில் ஒன்றுபட்டு நிற்கிறார்கள். உயிருள்ளவற்றைப் படமெடுப்பது கூடாது என்று கருதும் சகோதரர்கள், "வானத்தை எடு தம்பி, அதில் பிரச்சினையில்லை" என்கிறார்கள். முற்போக்கு நண்பர்களோ, "துரத்தப்பட்ட சனம் ஓலைக் குடிசையில் கிடந்த மண்ணில் நின்றுகொண்டு மேகம் பிடிக்கிறாயா?" என்று கேட்கிறார்கள். முன்னவர்களின் அனுமதிக்கும் பின்னவர்களின் கண்டனத்துக்கும் அடியில் கிடப்பது ஒரே நினைப்புத்தான்: வானத்தில் ஒன்றுமில்லை.

எங்கள் வானத்தில் நிறைய இருக்கிறது. களப்போரத்தில் நின்று மேற்கே கமராவைத் திருப்பினால் சூரியன் இறங்கும் பக்கத்திலேயே நுரைச்சோலை அனல்மின் நிலையம் நிற்கிறது. 2011இல் முதல் இயந்திரம் இயங்கத் தொடங்கியது. இன்று மூன்று இயந்திரங்கள், 900 மெகாவாட். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் காற்றின் திசை தெரியும். நிலக்கரித் தூசும் சாம்பலும் யாருடைய தோட்டத்தில் படியப் போகின்றன என்பதும் தெரியும். இன்னொரு பக்கம் காற்றாலைகள். உப்பு விளையும் மாதத்தில் உப்பளத்துக்கு மேலே கறுத்து வருகின்ற மேகத்தைக் கவிஞர் அழகு என்பார். பாத்தியில் நிற்பவருக்கு அது அந்த மாதத்துக் கூலி. இந்த மேகத்தை 'இயற்கைக் காட்சி' என்ற தலைப்பில் போடுவது பொய்யான தலைப்பு.

சில வருடங்களுக்கு முன் ஒரு மலர்க்குழுவினர் என்னிடம் அந்திவானப் படமொன்றைக் கேட்டு வாங்கினார்கள். மலர் வந்தபோது வானம் இருந்தது, களப்பு இருந்தது, புகைபோக்கியைக் காணவில்லை. கணினியில் அழித்திருந்தார்கள். கேட்டதற்கு, "பெருநாள் மலருக்கு அது பொருத்தமில்லை" என்றார்கள். ஒரு சிறுகதையில் வரும் கடன்காரனைப் பெருநாள் என்பதற்காக ஆசிரியர் வெட்டியெறிந்தால் அந்த எழுத்தாளர் சும்மா இருப்பாரா? எத்தனை இதழுக்கு அந்தச் சண்டை ஓடும்!

முற்போக்கு நண்பர்களுக்கு ஒரு சொல். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அல்பம் எடுத்துவர யாருக்கு நேரமிருந்தது? சோனகத் தெருவின் மேலே ஒரு மாலைநேரம் எப்படி இருந்தது என்பதற்கு இன்று எத்தனை பேரிடம் ஒரு படம் இருக்கிறது? எவனோ ஒரு பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளன் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து வானத்தை எடுத்து, பின்பக்கத்தில் தெருவையும் திகதியையும் எழுதி வைத்திருந்தால், அதை இன்று நீங்களே ஆவணம் என்பீர்கள்.

மேகத்தை எடுப்பது பொறுப்பில்லாதவனின் வேலை என்ற பேச்சு நமக்கு மட்டும் உரியதுமல்ல. அமெரிக்காவின் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் உருவப்படங்களின் பலத்துக்குக் காரணம், தன் முன்னால் அமர்ந்தவர்களை அவர் வசப்படுத்தியதே என்று விமர்சகர் ஒருவர் எழுதினார். அதற்குப் பதிலாகவே 1922இல் அவர் மேகங்களை எடுக்கத் தொடங்கினார். மேகம் எல்லோருக்கும் பொது, அதற்கு இன்னும் வரி விதிக்கப்படவில்லை என்பது அவர் வாதம். பத்து வருடம்போல் அதிலேயே நின்றார்.

இப்னுல் ஹைதம் நம்மவர் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோமே, அவர் சிறு துவாரத்தின் வழியே வந்து விழுந்த ஒளியில் ஆராய்ந்தது எதை? கிரகணத்துச் சூரியனின் பிறை வடிவத்தை. அதற்கென்றே தனி நூல் எழுதினார். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று மரநிழலில் பார்த்தவர்களுக்கு அது விளங்கியிருக்கும்: இலை இடுக்குகளெல்லாம் துவாரங்களாகி, தரை முழுக்கச் சின்னச் சின்னப் பிறைகள். அதே வேலையைக் கமராவோடு செய்யும் எங்களூர்ப் பையனை மட்டும் 'சும்மா வானம் பார்க்கிறான்' என்கிறோம். அவன் சும்மா பார்ப்பதாக எல்லோரும் நினைக்கவில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கரையோரத்தில் நீளமான லென்ஸோடு நின்ற முஸ்லிம் இளைஞனிடம் கேட்கப்பட்ட கேள்விகள் கொஞ்சமல்ல.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது சன்மானமல்ல. எடுத்தவர் பெயர், ஊர், திகதி, நேரம். ஒரு வரி போதும். படத்தில் இருப்பதை அழிக்க வேண்டாம். அடுத்த பெருநாளுக்கும் என்னிடம் படம் கேட்டு வருவார்கள். புகைபோக்கியோடுதான் தருவேன். அது வேண்டாதவர்களுக்கு இணையத்தில் ஈச்சை மரம் இலவசமாகக் கிடைக்கும்.