வெளியீட்டுக்கு முன் வேலை நீக்கம்

கனடா தேசத்து எட்மண்டன் நகரில் பயோவேர் என்ற கம்பெனி கம்ப்யூட்டர் விளையாட்டுகளைத் தயாரித்து வருகிறது. 2023 ஆகஸ்டு மாதத்தில் அக்கம்பெனி தன் ஊழியர்களில் சுமார் 50 பேரை வேலையினின்று நீக்கியது. "டிராகன் ஏஜ்" என்னும் விளையாட்டு வரிசையின் நான்காம் பாகம் அப்போது அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. அவ்வரிசைக்குப் பல வருஷங்களாகக் கதை எழுதி, பாத்திரங்களைப் படைத்து, அவற்றுக்குப் பேச்சும் கொடுத்தவர்கள் நீக்கப்பட்டோர் ஜாபிதாவில் இருந்தனர். விளையாட்டு 2024 அக்டோபர் 31-ந் தேதி வெளியாயிற்று. விதைத்தவர்கள் அறுவடைக்கு ஒரு வருஷம் முன்னரே களத்தைவிட்டு அனுப்பப்பட்டார்கள்.

அவர்களில் 7 பேர் கோர்ட்டை நாடினர். எழுவரும் சராசரியாக 14 வருஷம் அங்கு ஊழியம் செய்தவர்கள். ஊழிய காலத்தில் வருஷம் ஒன்றுக்குக் குறைந்தது ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் நஷ்ட ஈடு வழங்குவதே ஆல்பர்ட்டா மாகாணத்துக் கோர்ட்டுகளின் வழக்கமென்றும், கம்பெனி தர முன்வந்ததோ அதற்கு மிகவும் குறைவென்றும் அவர்கள் முறையிட்டனர்.

எட்மண்டனில் நடந்ததைப் பற்றி அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருக்கும் வாசகருக்கு என்ன கவலை என்று கேட்கலாம். கவலை உண்டு. 2022-ஆம் வருஷத்து மத்திய பட்ஜெட்டில் அனிமேஷன், காட்சி ஜாலங்கள், விளையாட்டுத் தயாரிப்பு ஆகிய துறைகளை வளர்ப்பதற்கென்று ஒரு குழு நியமிக்கப்படுமென்று அறிவித்தார்கள். இத்துறைகளில் வாலிபர்களுக்கு ஏராளமான வேலை காத்திருக்கிறதென்றும் சொன்னார்கள். நம் மாகாண சர்க்காரும் பின்தங்கவில்லை. 2024-ஆம் வருஷத்து பட்ஜெட்டில், பூந்தமல்லிக்கருகே சுமார் 150 ஏக்கரில் 500 கோடி ரூபாய்ச் செலவில் நவீன திரைப்பட நகரம் ஒன்று அமையுமென்றும், அனிமேஷன் முதலிய வேலைகளுக்கு அதில் இடமிருக்குமென்றும் அறிவிப்பு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் எழும்பி வெகு காலமாகிறது. பட்டாபிராமிலும் திருமுல்லைவாயிலிலும் மின்சார ரயிலேறும் வாலிபர்களில் எத்தனையோ பேர், தகப்பனார் கடைசல் இயந்திரத்தில் நின்றவராயிருக்க, தாம் திரைக்கு முன் உட்கார்ந்து படமும் விளையாட்டும் செய்யக் கற்கிறார்கள். சர்க்கார் அவர்களை அத்தொழிலுக்கு வாவென்று அழைக்கிறது. அழைத்தால் மட்டும் போதுமா? நீக்கும்போது அவர்கள் எந்தச் சட்டத்தின் நிழலில் ஒதுங்குவார்கள் என்பதையும் சொல்ல வேண்டாமா?

முதலில் இத்தொழில் இன்னதென்று விளங்கிக்கொள்வது நல்லது. ஆடு புலி ஆட்டம் நம் ஜனங்கள் அறிந்தது. புலி 3, ஆடு 15. புலி 4 ஆனால் ஆட்டுக்காரருக்கு வழியில்லை. ஆடு 20 ஆனால் புலிக்கு மூச்சுமுட்டிப் போகும். இரு தரப்பாருக்கும் ஜயத்தில் நம்பிக்கை இருக்கும்படி அந்த எண்களையும், கோடுகள் சந்திக்கும் இடங்களையும், புலி தாண்டும் விதியையும் யாரோ ஒருவர், அல்லது தலைமுறை தலைமுறையாகப் பலர், ஆடிப் பார்த்து, மாற்றி, மறுபடி ஆடிப் பார்த்து நிச்சயித்திருக்கிறார்கள். கோயில் மண்டபத்துக் கல்லில் கட்டம் இருக்கிறது. கர்த்தாவின் பெயர் இல்லை. இக்காலத்துக் கம்பெனிகளில் விளையாட்டு வடிவமைப்பாளர் என்று சொல்லப்படுபவர் செய்வது இதே காரியத்தைத்தான். விதிகளை வகுப்பவர் அவர். ஆடுபவன் எந்த இடத்தில் தோற்க வேண்டும், எந்த இடத்தில் அவனுக்கு ஆசை காட்ட வேண்டும் என்று தீர்மானிப்பவரும் அவரே. ஓவியரும் கணக்கெழுதுவோரும் அதன் பிறகு வருகிறார்கள்.

அவருடைய ஆபத்துக்கும் இதுவே காரணம். அவர் வேலையின் பெரும் பாகம் ஆரம்பத்திலும் நடுவிலும் வருகிறது. விதிகள் உறுதிப்பட்டு, கட்டங்கள் நிரம்பியபின், பிழை பார்ப்பவரும் திருத்துபவருமே கடைசி மாதங்களில் அதிகம் தேவைப்படுகிறார்கள். மூன்று மாதத்துக்கொருமுறை பங்குதாரருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய முதலாளிக்குச் செலவைக் குறைக்கும் எண்ணம் வந்தால், முதலில் கண்ணில் படுவது இவர் சம்பளம். வெளியீட்டன்று தரும் போனஸைப் பெற அன்றைய தினம் உத்தியோகத்தில் இருந்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்துவிட்டால் லாபம் இரட்டிப்பு. எல்லா முதலாளிகளும் இந்த எண்ணத்தோடு நீக்குகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எண்ணம் எதுவாயினும் பலன் ஒன்றே.

2024 ஜனவரியில் மைக்ரோஸாப்ட் கம்பெனி தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. சுமார் 6,900 கோடி டாலர் கொடுத்து வேறொரு பெரிய விளையாட்டுக் கம்பெனியை அது வாங்கி அப்போது நான்கு மாதங்கூட ஆகவில்லை. அடுத்த மாதம் ஸோனி கம்பெனியில் சுமார் 900 பேர். 2025 ஜூலையில் மைக்ரோஸாப்ட் மறுபடி ஆட்குறைப்புச் செய்தபோது, பல வருஷம் தயாரிப்பிலிருந்த இரண்டு விளையாட்டுகளையே கைவிட்டது. அவற்றுக்கு உழைத்தவர்களிடம், இதுதான் நான் செய்தது என்று அடுத்த முதலாளியிடம் காட்ட ஒரு பொருளும் இல்லை.

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 2025 நவம்பர் 21-ந் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமுலுக்கு வந்தன. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு உட்கார்ந்திருக்கிறது. ஒரு வருஷமாவது தொடர்ந்து ஊழியம் செய்த தொழிலாளியை ஆட்குறைப்பில் நீக்கினால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். ஊழியம் செய்த வருஷம் ஒன்றுக்கு 15 நாள் சம்பளம் தர வேண்டும். ஒரு வருஷத்துக்குள் மறுபடி ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவருக்கு முதல் சந்தர்ப்பம் தர வேண்டும். ஆல்பர்ட்டாவின் ஒரு மாதக் கணக்குடன் ஒப்பிட்டால் இது பாதி. பாதியாவது கிடைக்குமா என்பதே கேள்வி.

ஏனெனில் இவையெல்லாம் "தொழிலாளி"க்கு உரியவை. உடலுழைப்பு, தேர்ச்சி பெற்ற வேலை, தேர்ச்சியற்ற வேலை, தொழில் நுட்ப வேலை, இயக்கும் வேலை, குமாஸ்தா வேலை, மேற்பார்வை வேலை ஆகியவற்றைச் செய்பவர் தொழிலாளி என்று தொகுப்பு கூறுகிறது. கற்பனை வேலை அந்த வரிசையில் இல்லை. 1988-ல் கோவாவைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியையின் வழக்கில், ஆசிரியர்கள் இவ்வகுப்பில் சேரார் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1991-ல் ஒரு புகையிலைக் கம்பெனியின் விற்பனை ஊழியர் வந்தார். அவர் வேலைக்குக் கற்பனையும் சிருஷ்டி புத்தியும் தேவைப்படுவதால் அவரும் தொழிலாளியல்ல என்று அதே கோர்ட்டு சொல்லிவிட்டது. சிகரெட்டு விற்க யோசனை சொல்பவருக்கே இந்தக் கதியென்றால், நாள் முழுவதும் கற்பனையையே தொழிலாகக் கொண்ட விளையாட்டு வடிவமைப்பாளர் என்ன சொல்லித் தப்புவார்? தம் வேலை வெறும் தொழில் நுட்பமென்றும், அதில் கற்பனை எதுவுமில்லையென்றும் அவர் பிரமாணம் செய்ய வேண்டியிருக்கும். உத்தியோகத்தில் எடுக்கும்போது கற்பனை உண்டா என்று சோதித்து எடுத்து, நீக்கும்போது கற்பனை இருந்ததால் நஷ்ட ஈடு இல்லை என்பது விசித்திரமான நியாயம்.

சரி, தொழிலாளி இல்லையென்றால் அவரை ஆசிரியராகவாவது, அதாவது நூலாசிரியரைப் போன்ற படைப்பாளியாகவாவது, சட்டம் மதிக்கிறதா? 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது ஷரத்துப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், ஊழியத்தின்போது செய்த படைப்புக்கு முதல் சொந்தக்காரர் முதலாளியே. 57-வது ஷரத்து மட்டும் ஒன்றை விட்டுவைத்திருக்கிறது: உரிமையை முழுவதும் கைமாற்றிய பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் பாத்தியதை படைத்தவருக்கு உண்டு. ஏட்டில் இருக்கும் இந்தப் பாத்தியதையை வெளியீட்டுக்கு ஆறு மாதம் முன்பு நீக்கப்பட்டவர் எப்படி அனுபவிப்பது? நூற்றுக்கணக்கானோர் பெயர் ஓடும் கடைசித் திரையில் தம் பெயர் விடப்பட்டதைக் கண்டு, வக்கீல் வைத்து, பெரிய கம்பெனியோடு வழக்காடுவதா? அதற்குள் அவர் இரண்டு வாடகை வீடு மாறியிருப்பார்.

பெயர் என்பது வீண் ஆடம்பரமென்று எண்ண வேண்டாம். இத்தொழிலில் அடுத்த வேலையைத் தேடித் தருவது அதுதான். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை விஷயமாகக் கொண்ட "வெண்பா" என்ற விளையாட்டு 2023-ல் வெளியாகி, 2024-ல் பிரிட்டிஷ் அகாடமியின் பரிசை, முதற் படைப்புகளுக்கு உரியதை, பெற்றது. சிறிய குழு ஒன்றின் வேலை அது. இட்லியும் உலகத்தார் ஆடும் ஆட்டமாக முடியுமென்று அவர்கள் காட்டினார்கள். அம்பத்தூரில் அத்தகைய திறமைக்குப் பஞ்சமில்லை; திறமைசாலியின் பெயர் அவர் படைப்போடு ஒட்டியிருக்கும் என்பதற்கு உத்தரவாதந்தான் இல்லை.

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. மூளையால் உழைப்பவர் தொழிலாளியல்ல என்ற வாதத்தைப் பார்லிமெண்டு ஏற்கெனவே மூன்று முறை தள்ளியிருக்கிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ மாதிரி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது. அந்த வருஷம் முடிவதற்குள் பத்திரிகைத் தொழிலாளர் சட்டம் நிறைவேறிற்று. எழுத்துத் தொழில் செய்வோருக்குத் தொழில் தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது. ஆட்குறைப்பு நோட்டீஸ் ஆசிரியருக்கு 6 மாதம், மற்றவருக்கு 3 மாதம் என்று வகுக்கப்பட்டது. தலையங்கம் எழுதுவதற்குக் கற்பனை வேண்டாமென்று அன்று எவரும் வாதித்ததாகத் தெரியவில்லை. வாதித்திருந்தால் நமக்கு வருத்தமாயிருக்கும். பின்னர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் தொழிலாளரல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னபோது, 1976-ல் விற்பனைப் பிரதிநிதிகளுக்கென்று தனிச் சட்டம் பிறந்தது. 1981-ல் சினிமாத் தொழிலாளர் சட்டம் வந்தது. "கலை சம்பந்தமான" வேலையும் வேலையே என்று அதில் எழுதினார்கள். எழுத்து மூலமான ஒப்பந்தமின்றி எவரையும் வேலைக்கு வைக்கக் கூடாதென்றும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்றும் விதித்தார்கள்.

அந்த விதிகள் இன்று 2020-ஆம் வருஷத்துத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம் மாறியிருக்கின்றன. சினிமா மட்டுமின்றி அனிமேஷன், கார்ட்டூன், டிஜிட்டல் தயாரிப்பு, தொலைக்காட்சி, இணையத் தொடர், விளையாட்டுப் போட்டி ஒளிபரப்பு வரையில் அதன் எல்லை விரிந்திருக்கிறது. இவ்வளவு தூரம் எண்ணிக்கொண்டு வந்தவர்கள், வீடியோ விளையாட்டை மட்டும் பெயர் சொல்லாமல் விட்டார்கள். டிஜிட்டல் தயாரிப்பு என்றால் அதுவும் அடங்கும் என்று ஒரு வக்கீல் வாதிப்பார். அடங்காது என்று கம்பெனி வக்கீல் வாதிப்பார். இது தவிர, ஊதியம் எவ்வளவுக்கு மேற்படாதவருக்கு இப்பாதுகாப்பு உண்டு என்ற வரம்பை மத்திய சர்க்கார் அறிவிக்க வேண்டும் என்றும் தொகுப்பு சொல்கிறது. வரம்பைத் தாழ்த்தி வைத்தால் விதி இருந்தும் பயனில்லை.

முதலாளிகள் தரப்பில் சொல்வதையும் கேட்போம். விளையாட்டுத் தயாரிப்பு சூதாட்டத்துக்கு ஒப்பானது, பத்தில் ஒன்று ஜெயித்தால் பெரிது, பணம் தீர்ந்தபின் சம்பளம் எங்கிருந்து வரும் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. ஆவடியில் அர்ஜுன் டாங்கியை வடிவமைக்கும் திட்டத்துக்கு 1974-ல் அனுமதி கிடைத்தது. டாங்கி ராணுவத்தின் கைக்கு வந்தது 2004-ல். 30 வருஷத் தாமதத்தைச் சர்க்கார் கஜானா தாங்கியது. தனி முதலாளியின் பெட்டி தாங்காது. ஆகவே ஆட்குறைப்பே கூடாதென்று நாம் கேட்கவில்லை. ஆனால் நஷ்டத்தில் பங்கு கொள்ளும் ஊழியருக்கு லாபத்தில் பங்கில்லை என்பதை எந்த வியாபார தர்மத்தில் சேர்ப்பது? வெளியீட்டுப் போனஸை உழைத்த மாதங்களின் விகிதப்படி பிரித்துக் கொடுப்பதால் எந்தக் கம்பெனியும் திவாலாகாது. இடையில் நீங்கியவர் பெயரையும் கடைசித் திரையில் சேர்ப்பதற்குச் செலவே கிடையாது.

சங்கம் இருந்தால் இவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். கம்ப்யூட்டர் தொழிலிலும் சங்கம் அமைக்கத் தடையில்லை, தொழில் தகராறுச் சட்டமும் அவர்களுக்கு உண்டு என்று 2016-லேயே தமிழ்நாட்டு சர்க்கார் தெளிவுபடுத்தியிருக்கிறது. சைக்கிள் தொழிற்சாலையிலும் டாங்கித் தொழிற்சாலையிலும் சங்கம் வளர்த்த இந்தப் பிரதேசத்துக்கு அதன் உபயோகத்தை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஐம்பதும் அறுபதும் பேர் வேலை செய்யும் சிறு கம்பெனிகளில், பிராஜெக்டுக்குப் பிராஜெக்டு ஆள் மாறும் தொழிலில், சங்கம் வேரூன்ற நாளாகும். அதுவரை சட்டந்தான் துணை.

செய்ய வேண்டியது சிறிது. தொகுப்பிலுள்ள அனிமேஷன், கார்ட்டூன் என்ற சொற்களுக்குப் பக்கத்தில் வீடியோ விளையாட்டையும் சேர்க்க வேண்டும். பதிவு செய்யும் ஒப்பந்தத்தில் பெயர் போடுவது பற்றியும், நடுவில் நீக்கினால் போனஸ் விகிதம் பற்றியும் இரண்டு விதிகள் கட்டாயமாக்கப்பட வேண்டும். ஊதிய வரம்பு இக்காலத்துச் சம்பளத்துக்குப் பொருந்த நிர்ணயிக்கப்பட வேண்டும். பத்திரிகைக்காரருக்கு 1955-ல் கொடுத்த 3 மாத நோட்டீஸை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும். அம்பத்தூர் ஸ்ரீபெரும்புதூர்ப் பார்லிமெண்டுத் தொகுதியில் இருக்கிறது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர்த் தொகுதியில் இருக்கின்றன. அவ்விரு தொகுதிகளின் அங்கத்தினர்களும் அடுத்த கூட்டத்தொடரில் இதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம். பூந்தமல்லித் திரைப்பட நகரத்தில் முதல் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னரே அதைக் கேட்டுவிடுவது நல்லது.