துப்பாக்கியும் விளக்கும்

அம்மாபேட்டையிலிருந்து நோக்கினால் வடக்கே சேர்வராயன் மலையும் தெற்கே ஜருகு மலையும் கண்ணுக்குத் தென்படும். அம்மலைகளின் அடிவாரத்தில் மரவள்ளியும் சோளமும் நிலக்கடலையும் பயிரிடும் குடியானவர்கள் காட்டுப் பன்றிகளால் இரவு நித்திரையை இழந்து நிற்கின்றனர். ஒரு போகத்தின் உழைப்பு முழுவதும் ஓரிரவில் பாழாகிறது. இந்நிலையில், துப்பாக்கி வைத்திருப்போர் சிலர் அதன் குழாயின்மேல் ஓர் இரும்புப் பட்டையை வீட்டிலேயே பொருத்தி, அதில் டார்ச் விளக்கை மாட்டிக்கொள்வது நல்ல உபாயமென்று எண்ணுகின்றனர். அது உபாயமன்று, அபாயமே என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது, துப்பாக்கியின் குழாய் வெறும் இரும்புக் குழாயன்று. மருந்து வெடிக்கும் கணத்தில் எழும் பெரும் அழுத்தத்தைத் தாங்கும் பொருட்டே அதன் கனம் அளவிடப்பட்டிருக்கிறது. அதில் துளையிடுவதும் பற்றவைப்பதும் அந்த வலிமையைக் குலைப்பதாகும். குழாய் வெடித்தால் முதலிற் சேதமுறுவது சுடுபவன் கையும் கண்ணுமே. மேலும், 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, லைசென்ஸ் இன்றித் துப்பாக்கியை மாற்றியமைப்பதையும் பழுது பார்ப்பதையும் தடுக்கிறது. பட்டறைக்காரரின் கைத்திறமை சட்டத்தின் முன் சமாதானமாகாது.

இரண்டாவது காரணம் இதனினும் பெரிது. விளக்கு கையிலிருந்தால் மனிதன் முதலில் பார்க்கிறான், பிறகே குறிவைக்கிறான். விளக்கைத் துப்பாக்கியோடு பிணைத்துவிட்டாலோ, எதைப் பார்க்க வேண்டுமோ அதன்மேல் துப்பாக்கியை நீட்டியே பார்க்க வேண்டியதாகிறது. சோளக் கொல்லையில் அசைவது பன்றியா, நீர் பாய்ச்ச வந்த அண்டை வயற்காரரா, தவறிய ஆட்டைத் தேடும் சிறுவனா என்று அறியுமுன்னரே அவர்கள் குறிக்கு இலக்காகிவிடுகின்றனர். கணநேரப் பதற்றத்தில் விரல் அசைந்தால் போன உயிரை எந்தக் கோர்ட்டும் மீட்டுத் தராது.

மூன்றாவது, துப்பாக்கி லைசென்ஸ் வேறு, வேட்டைக்கு அனுமதி வேறு. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை லைசென்ஸுக்கு இருந்த இடமும் 1991ஆம் வருஷத்துத் திருத்தத்தால் நீங்கிவிட்டது. பயிருக்குத் தீங்கு செய்யும் மிருகத்தைக் கொல்வதற்கு 11ஆவது பிரிவின்படி அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு சுடுவோருக்கு அப்பிரிவு பாதுகாப்பளிக்கிறது. பயிரைக் காக்கத் தாமாகச் சுடுவோருக்கு அப்பாதுகாப்பு இல்லை.

“சுதந்திர நாட்டில் குடியானவனை நிராயுதபாணியாக்குவதா?” என்று தேசபக்தர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி அற்பமானதன்று. லிட்டன் பிரபு காலத்தில் 1878இல் பிறந்த ஆயுதச் சட்டம், வெள்ளையருக்கு விலக்களித்து இந்தியரை மட்டும் ஒடுக்கிய அவமானச் சின்னம். 1931இல் கராச்சி காங்கிரஸ், ஆயுதம் தாங்கும் உரிமையைப் பிரஜையின் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் விதிகளுக்கு உட்பட்டே அவ்வுரிமை செல்லும் என்று அத்தீர்மானமே கூறிற்று. அந்நியன் இட்ட விலங்கும், நமது பிரதிநிதிகள் இயற்றிய விதியும் ஒன்றாகமாட்டா.

எனினும், குடியானவனுக்கு மட்டும் உபதேசம் செய்து சர்க்காரை விட்டுவிடுவது நியாயமாகாது. காட்டெல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம், 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டிட்டுப் பிடிக்கலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக சர்க்கார் அறிவித்தனர். மலையடிவாரத்து நிலமோ பெரும்பாலும் காட்டை ஒட்டியே கிடக்கிறது. ஆங்கு சுடுவதற்கு இடமில்லை. கேரளத்தில் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே உத்தரவிடும் அதிகாரம் அளிக்கப்பட்டது. நம் ஊராட்சிகள் அவ்வளவு பொறுப்புக்குத் தகுதியற்றவையா?

பயிர் நஷ்டத்திற்கு ஈடு தாமதமின்றிக் கிடைக்கட்டும். கூண்டும் வேலியும் கேட்ட ஊருக்குக் காலத்தில் வரட்டும். அதுவரை காவற் பரணில் இருப்போர் விளக்கைக் கையில் வைத்திருப்பார்களாக; துப்பாக்கியில் ஏற்ற வேண்டாம். குடியானவன் இரவில் தனித்து நிற்கும் வரையில், சட்டத்தின் பெயரால் அவனை அதட்டுவதற்குச் சர்க்காருக்குள்ள நியாயம் பாதியே என்பதையும் ஆள்வோர் உணர்வார்களாக.