தோட்டா நிரப்பும் கைப்பொறி

கரமனை அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நம்மிடம் விடுத்த வினா சற்றுப் புதுமையானது. அமெரிக்காவில் வாழும் அவர்தம் மூத்த மகனார் ஓய்வு நாட்களில் துப்பாக்கி சுடப் பயில்கின்றார். சுட்டுக் கழித்த தோட்டாக்களை வீட்டிலேயே மீண்டும் நிரப்ப ஒரு கைப்பொறியும் வைத்துள்ளார். அடுத்த வருகையில் அத்தகையதொரு பொறியை இங்குக் கொணர்ந்து, வட்டியூர்க்காவில் பயிலும் தம்பிக்கு அளிக்க விரும்புகின்றாராம். எத்தகைய பொறி நன்று, கொணரலாமா என்று கேட்கின்றார் தந்தையார். முதல் வினாவிற்கு மகிழ்ந்து விடை கூறுவோம். இரண்டாவதற்கு அஞ்சியே கூறுகின்றோம்.

தோட்டாவின் உறுப்புக்கள் நான்கு: பித்தளைக் குப்பி, அதன் அடியில் பிரைமர் எனும் தீமூட்டி, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் எஞ்சி நிற்பது குப்பி ஒன்றே. அதுவும் அழுத்தத்தால் சற்றுப் பருத்திருக்கும். அதனை எஃகு அச்சினுள் செலுத்திப் பழைய அளவிற்குச் சுருக்குவதே பொறியின் தலையாய பணி. நம் இல்லத்து முறுக்கு உரலை நினைத்துக்கொள்க. ஒரு நேரத்தில் ஓர் அச்சு. வேறு வேலைக்கு வேறு அச்சு. ஒற்றை நிலைப் பொறியும் அவ்வாறே. நூறு குப்பிகளையும் முதல் அச்சில் முடித்த பின்னரே அடுத்த அச்சைப் பொருத்துவர். நெம்புகோலின் ஒவ்வோர் இழுப்பிலும் ஒரு தோட்டா முற்றுப்பெறும் தொடர்நிலைப் பொறிகளும் உள. எனினும் கற்பவர்க்கு மெதுவான பொறியே ஏற்றது. ஒவ்வொரு படியிலும் கண் வைத்துப் பார்க்க இயலும்.

சட்டம் மூடிய வளையமாய் வார்ப்பிரும்பில் அமைந்திருத்தல் நன்று. ஒருபுறம் திறந்தது விசையில் சற்று வளையக்கூடும். அச்சுப் புரி எட்டில் ஏழு அங்குல விட்டமும் அங்குலத்திற்கு 14 புரிகளும் உடையதாயின் பல நிறுவனங்களின் அச்சுக்களும் பொருந்தும். பொறியைக் கனத்த மேசையில் திருகாணியால் இறுக்குக. குப்பிக்கு எண்ணெய்ப் பசை குறைந்தால் அச்சில் சிக்கிக்கொள்ளும். மிகுந்தால் தோள் நசுங்கும். இதில் கை பழக நாட்கள் ஆகும்.

மருந்திடும் வேளையில் உரையாடல் கூடாது. வெளியான அட்டவணையைப் பார்த்து, தராசில் நிறுத்தே இடுதல் வேண்டும். குண்டு பொருத்துமுன் எல்லாக் குப்பிகளையும் வரிசையாய் நிறுத்தி விளக்கொளியில் உள்ளே நோக்குக. மருந்தில்லாத தோட்டாவும் கேடு செய்யும். பிரைமரின் விசை மட்டும் குண்டைத் தள்ள, அது குழலின் நடுவே சிக்கும். அறியாது அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கலாம்.

இனி இரண்டாம் வினா. அமெரிக்காவில் சொந்தப் பயனுக்குத் தோட்டா நிரப்பக் கூட்டரசின் உரிமம் தேவையில்லை. இந்தியாவில் நிலை வேறு. 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், தோட்டாவின் பகுதிகளையும் தோட்டா செய்யும் பொறியையும் 'தோட்டா' என்ற சொல்லினுள்ளேயே அடக்கிவிட்டது! ஆகவே பெட்டியில் குண்டொன்றும் இல்லையெனினும், பொறி இருப்பின் உரிமமின்றித் தோட்டா கொணர்ந்த குற்றம் எழக்கூடும். உரிமமின்றி இங்கு நிரப்புதல் உற்பத்தியாகக் கொள்ளப்படின், 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. கொணர வேண்டா, ஐயா.

தம்பிக்கு இதனால் இழப்பேதும் இல்லை. வட்டியூர்க்காவு சுடுதளம் 2015 ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டிற்கென எழுந்தது. பத்து மீட்டர் போட்டிக்குக் காற்றுத் துப்பாக்கியின் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு போதும், மருந்தே கிடையாது. ஐம்பது மீட்டருக்குரிய சிறு தோட்டாவில் தீமூட்டும் கலவை குப்பியின் விளிம்பிலேயே இருப்பதால் கைப்பொறி அதற்குப் பயன்படாது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை சென்றதும் காற்றுத் துப்பாக்கியாலேயே.

வேறொன்று. மகனார் புறப்படுமுன், சுடுதளத்திற்குக் கொண்டுசெல்லும் பையில் இங்கு வரும் துணிகளை வைக்க வேண்டா எனச் சொல்லி வைக்கவும். மூலையில் மறந்து கிடக்கும் ஒரு தோட்டா விமான நிலையத்தில் பெருந்தொல்லையாகிவிடும். அறிந்து வைத்திருந்தாலன்றி உடைமைக் குற்றமாகாது என்பது நீதிமன்றக் கோட்பாடு. ஆயினும் அறியாமையை மெய்ப்பிப்பதற்குள் விடுமுறை கழிந்துவிடும். வெற்றுக் குப்பியையும் நினைவுப்பொருளாகக் கொணர வேண்டா.