மல்லாந்து படுக்கும் உரிமை

"ஆட்டோமேட்டிக்கா? லேடீஸ் ஓட்ட வசதி" என்று சொல்லாத கார் விற்பனையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. கிளட்சை மிதிக்க வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம், ஆகவே பெண்ணுக்கு. அதே கியர்பாக்ஸுக்கு ஆயில் மாற்றும் நாள் வந்தால், "ரொம்பச் சிக்கலான ஐட்டம் மேடம், சாரை வரச் சொல்லுங்க" என்கிறார்கள். ஓட்டும்போது எளியது, திறக்கும்போது சிக்கலானது. இரண்டு வாதமும் நமக்கு எதிராகவே.

அப்படி என்ன சிக்கல்? டார்க் கன்வர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுகள் பலவற்றின் அடியில் ஒரு தட்டு இருக்கிறது. அதற்கு மேலே, பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில், ஒரு வலை வடிகட்டி. (ஏஎம்டி வண்டிகளின் கதை வேறு, அவை சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிக்கும் வேலையை ஒரு கருவி செய்கிறது.) உள்ளிருக்கும் கிளட்சுகளை இறுக்கிப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். வலை அடைத்தால் அழுத்தம் குறையும். கிளட்ச் வழுக்கும், சூடேறும், கருகும். "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள்.

பலம் வேண்டுமாம். சக்கர நட்டுக்குத்தான் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டிய விசை வேண்டும். தட்டின் சிறிய போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10ஐ ஒட்டினால் போதும். பலத்தைக் காட்டினால் தட்டு நெளியும், மரை போகும், கேஸ்கெட் கசியும். டார்க் ரெஞ்சை வைத்து, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு, குறுக்கு மறுக்காக இறுக்க வேண்டும். அவ்வளவே. இங்கே முரட்டுக் கைதான் ஆபத்து.

உண்மையான தடை வேறு. சமதளத்தில் வண்டியைத் தூக்கி, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். கால்கள் வெளியே நீட்டியிருக்கும். மார்கழி விடியலில் குனிந்து கோலம் போடும் பெண்ணைப் பாராட்டும் தெரு, அதே வாசலில் முகம் வானத்தைப் பார்க்கப் படுத்தவளை எப்படிப் பார்க்கும்? பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே பையன்கள் தொழில் கற்றார்கள். பெண்பிள்ளைகளை விலக்கி வைத்தது எந்திரமல்ல, இந்தப் பார்வை.

இன்னொன்று: "டீ வடிகட்டி மாதிரிதாங்க மேடம்" என்று விளக்க வருகிறவர்கள். சமையலறை வழியாக வந்தால்தான் நமக்குப் புரியுமா? பம்ப், அழுத்தம் என்றே சொல்லுங்கள்.

தட்டைக் கழற்றினால் ஆயில் முழுவதும் வடியாது. கணிசமான பங்கு டார்க் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். ஆகவே வடிந்ததை அளந்து, கையேடு கேட்கும் அதே வகை ஆயிலை அதே அளவு ஊற்றி, பிறகு கையேடு சொல்லும் வெப்பநிலையில் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். தட்டில் ஒட்டியிருக்கும் காந்தங்களைத் துடைக்கும் முன் நன்றாகப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை வழக்கமான தேய்மானம். சில்லுகள், துண்டுகள் என்றால் உள்ளே ஏதோ உடைகிறது. இதைக் கண்ணால் பார்த்தவளிடம், "கியர்பாக்ஸே போச்சு மேடம்" என்று லட்ச ரூபாய் எஸ்டிமேட்டை நீட்டுகிறவர், சாரைக் கூப்பிடச் சொல்லமாட்டார். காந்தத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.