கோச் மாறினார்... 8-ஆவது இடம் மாறவில்லை: சென்னையின் எஃப்சி ரசிகர்கள் கேட்க வேண்டிய கேள்வி எது?

நேரு ஸ்டேடியத்தில் இரவு ஆட்டம் முடிந்து, பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடிக்கும் ரசிகர்களுக்கு வீடு போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அணி தோற்ற இரவென்றால் வழி முழுக்க ஒரே பேச்சுதான். "கோச்சை முதல்ல மாத்தணும்" என்பார் ஒருவர். "கோச் என்னங்க பண்ணுவாரு, ஸ்குவாடே சரியில்லையே" என்பார் எதிர் சீட்டுக்காரர். கூடுவாஞ்சேரி தாண்டியும் முடிவு கிடைக்காது. மறுநாள் சிறுசேரி, நாவலூர் ஐடி அலுவலக கேன்டீன்களில் அதே விவாதம் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

இதில் யார் பக்கம் நியாயம்? வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. சென்னையின் எஃப்சியின் சொந்த வரலாற்றைப் புரட்டினாலே போதும்.

இதுவரை எத்தனை கோச்கள்?

2014-ல் ஐஎஸ்எல் தொடங்கியபோது இத்தாலியின் மார்கோ மேட்டரசி வந்தார். 2017-ல் இங்கிலாந்தின் ஜான் கிரிகரி. 2019 டிசம்பரில் ஓவன் காயில். பிறகு சாபா லாஸ்லோ, போஸிதார் பாந்தோவிச், தாமஸ் பிர்தாரிச் என்று சீசனுக்கு ஒருவர். 2022-ல் பாந்தோவிச் பாதியில் போனபோது, நம்ம ஊர் முன்னாள் இந்திய வீரர் சையத் சபீர் பாஷா இடைக்காலப் பொறுப்பேற்றார். 2023-ல் மீண்டும் காயில். 2025-ல் கோவாவைச் சேர்ந்த கிளிஃபர்ட் மிராண்டா. இடைக்காலப் பொறுப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இந்த அணியின் முதல் இந்தியத் தலைமைப் பயிற்சியாளர் இவர்தான்.

கோச்சை மாற்றினால் அணி மாறுமா?

மாறும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2019-20 சீசனில் முதல் 6 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. கிரிகரி விலகினார், காயில் வந்தார். வீரர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். ஆனால் அணி நான்காவது இடம் பிடித்து, இறுதிப் போட்டி வரை போனது. அதே நெரியஸ் வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் அடித்தார்.

மாறாது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. இதே கிரிகரிதான் 2018 மார்ச்சில் பெங்களூருவை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று வீழ்த்திக் கோப்பை வாங்கித் தந்தவர். அடுத்த சீசனில் அதே கோச்சின் கீழ் 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். ஒரே வருடத்தில் அவருக்குக் கால்பந்து மறந்தா போயிருக்கும்?

இன்னும் யோசிக்க வைப்பது அடுத்த மூன்று சீசன்கள். 2020-21-ல் ஹங்கேரிக்காரரான லாஸ்லோ: 11 அணிகளில் 8-ஆவது இடம். 2021-22-ல் மான்டினீக்ரோவின் பாந்தோவிச்சும் பாஷாவும்: 8-ஆவது இடம். 2022-23-ல் ஜெர்மனியின் பிர்தாரிச்: மறுபடியும் 8. மூன்று நாட்டுக்காரர்கள், மூன்று விதமான ஆட்டமுறை, ஆனால் பட்டியலில் ஒரே இடம்.

புது கோச் வந்ததும் ஜெயிக்கிறார்களே, அது எப்படி?

சில நேரம் அது உண்மையான முன்னேற்றம். பல நேரம் கணக்கு விளையாட்டு. ஒரு கோச்சை எப்போது அனுப்புகிறார்கள்? அணி தன் சராசரி நிலைக்கும் கீழே போய், தொடர்ந்து தோற்கும்போது. கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, காயம், ரெட் கார்டு என்று துரதிர்ஷ்டமும் அதில் கலந்திருக்கும். அந்தக் கெட்ட நேரம் எப்படியும் ஒருநாள் முடியும். அந்த நேரத்தில் யார் பெஞ்சில் இருக்கிறாரோ, அவருக்குப் பெயர் கிடைக்கும்.

2015-ஐ நினைத்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்த அணி அது. டிசம்பர் வெள்ளத்தால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் போய் ஆட வேண்டிய நிலை. கடைசியில் மென்டோசாவின் கோலால் கோவாவை 3-2 என்று வென்று சாம்பியன் ஆனது. நடுவில் மேட்டரசியை அனுப்பியிருந்தால், அந்தக் கோப்பைக்கான பாராட்டு வேறொருவருக்குப் போயிருக்கும்.

கோச் போனால் அவர் மட்டுமா போகிறார்?

இல்லை. தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே உதவிப் பயிற்சியாளர், கோல்கீப்பிங் பயிற்சியாளர், உடற்தகுதிப் பயிற்சியாளர், எதிரணி வீடியோக்களை அலசும் அனலிஸ்ட் என்று ஒரு குழுவே இருக்கும். பெரும்பாலும் ஒவ்வொரு கோச்சும் தன் நம்பிக்கையான ஆட்களைக் கூட்டிவருவார், போகும்போது அழைத்துப் போவார். எந்த வீரருக்குப் பழைய முழங்கால் வலி, எந்தப் பையனை எந்த இடத்தில் ஆட வைத்தால் எடுபடும் என்ற விவரமும் அவர்களோடு போய்விடும். புதுக் குழு முதலிலிருந்து கற்க வேண்டும்.

வீரர்களுக்கும் இது பொருந்தும். 2020-ல் காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனபோது வால்ஸ்கிஸும் அங்கே போனார். புது கோச் தன் பாணிக்கு ஆள் கேட்பார், கிளப் வாங்கித் தரும். அவர் போனதும் அந்த வீரர்கள் அடுத்தவர் பாணிக்குப் பொருந்த மாட்டார்கள். வருடா வருடம் வீட்டை இடித்துக் கட்டுகிற கதைதான்.

அப்படியானால் அணியை நிஜமாகத் தீர்மானிப்பது எது?

ஐஎஸ்எல் விதி ஒன்று இங்கே முக்கியம். ஆரம்ப சீசன்களில் களத்தில் 6 வெளிநாட்டு வீரர்கள் வரை ஆடலாம். 2017-18-ல் அது 5 ஆனது. 2021-22-ல் 4 ஆனது. அதாவது 11 பேரில் குறைந்தது 7 பேர் இந்தியர்கள். மேட்டரசி காலத்தில் நல்ல வெளிநாட்டு வீரர்கள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இப்போது இந்திய வீரர்களின் தரம்தான் ஒரு அணியைத் தூக்கி நிறுத்துகிறது.

அந்த இந்திய வீரர்களைச் சந்தையில் வாங்கினால் விலை அதிகம். வளர்த்தெடுத்தால் செலவு குறைவு, ஆனால் பொறுமை வேண்டும். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் நாடறியப் பெயரெடுத்தது ஒடிசாவிலும் ஈஸ்ட் பெங்காலிலும். 2023-ல் ஒடிசா சூப்பர் கோப்பை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். அப்போது அந்த அணியின் இடைக்காலப் பயிற்சியாளர் யார் தெரியுமா? இதே மிராண்டா.

மாமல்லபுரம் எங்கே வருகிறது?

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில், மாமல்லபுரத்தில்தான் எஃப்சி மெட்ராஸ் என்ற உறைவிடக் கால்பந்து அகாடமி இருக்கிறது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரீஷ் மாத்ரூபூதம் தொடங்கியது. சென்னையின் எஃப்சிக்குச் சொந்தமானதல்ல, தனி அமைப்பு. பையன்கள் அங்கேயே தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி பெறுகிறார்கள்.

இதனால் நாளைக்கே ஐஎஸ்எல் அணிக்கு ஆள் கிடைத்துவிடாது. 12 வயதில் சேரும் பையன் சீனியர் அணிக்குத் தயாராக 7, 8 வருடம் ஆகும். அதற்குள் மேலே உள்ள அணியில் நான்கைந்து கோச்கள் மாறியிருந்தால் நிலைமை என்ன? ஒருவர் வேகமான விங்கர் கேட்பார், அடுத்தவர் உயரமான ஸ்ட்ரைக்கர் கேட்பார். இன்றோ நாளையோ வேலை போகும் என்று பயப்படும் கோச், 18 வயதுப் பையனை இறக்கி ரிஸ்க் எடுக்கவே மாட்டார். அனுபவசாலியைத்தான் இறக்குவார். கோச்சின் நாற்காலி ஆட்டம் கண்டால், முதல் அடி உள்ளூர்ப் பையனுக்குத்தான்.

வெளிநாட்டிலிருந்து ஒரு உதாரணம். மிக்கெல் ஆர்டெட்டா 2019 டிசம்பரில் அர்சனலுக்கு வந்தார். 2020-ல் எஃப்ஏ கோப்பை கிடைத்தது. ஆனால் லீக்கில் தொடர்ந்து இரண்டு சீசன் 8-ஆவது இடம், சென்னைக்குப் பழக்கமான அதே எண். கிளப் அவரை அனுப்பவில்லை. சொந்த அகாடமியில் வளர்ந்த புகாயோ சாகா போன்ற இளைஞர்களைச் சுற்றி அணியைக் கட்டவிட்டது. 2022-23-ல் 2-ஆவது இடம். பொறுமை மட்டும் அதைச் செய்யவில்லை, அந்தப் பொறுமைக்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்தது.

மிராண்டா விஷயத்தில் எதை வைத்து மதிப்பிடுவது?

2024-25-ல் காயிலின் கீழ் அணி 13-ல் 11-ஆவது இடத்தில் முடிந்தது. அந்த அணியைத்தான் மிராண்டா வாங்கிக்கொண்டார். அதற்கு மேல், லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தச் சிக்கலால் 2025 ஜூலையில் சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. 2026 பிப்ரவரியில்தான் ஆட்டம் தொடங்கியது, அதுவும் ஒவ்வோர் அணியும் மற்ற அணியோடு ஒரே முறை மோதும் குறுகிய வடிவில். இப்படி ஒரு சீசனின் முடிவை மட்டும் வைத்து, உள்ளூரோ வெளிநாடோ எந்தக் கோச்சையும் எடைபோடுவது நியாயமில்லை.

அதற்காக ரசிகர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதல்ல. டிக்கெட் வாங்கி, ரயிலேறி வருகிறவர்களுக்குக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர்மச்சான்ஸ் போன்ற ரசிகர் குழுக்களின் குரல் நிர்வாகத்தின் காதில் விழும். அந்தக் குரலில் மூன்று கேள்விகள் இருக்கட்டும். வீரர்களைத் தேர்ந்தெடுப்பது யார், கோச் போனாலும் அவர் இருப்பாரா? பயிற்சிக் குழுவில் நிரந்தரமாக இருக்கப்போகிறவர்கள் யார்? இந்த சீசனில் 21 வயதுக்குட்பட்ட இந்திய வீரர்கள் மொத்தம் எத்தனை நிமிடம் ஆடினார்கள்?

இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் கோச் மாறினால், மறுபடியும் 8-ஆவது இடத்தைப் பற்றித்தான் செங்கல்பட்டு வரை பேசிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.