என் பிள்ளைக்குத் தெரியாததா?



தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. அலுவலகம் வரும் வழியில் சுவருக்குச் சுவர், கம்பத்துக்குக் கம்பம் பிள்ளைகளின் முகங்கள். தலைக்கு மேலே மார்க். கழுத்துக்குக் கீழே 'அட்மிஷன் நடைபெறுகிறது' என்று பள்ளியின் செல்போன் எண். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டே கைவிட்டுவிட்டது. அதற்கு முன்பெல்லாம் அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் நின்று பிள்ளைக்கு ஸ்வீட் ஊட்டும் படம் மே மாதச் செய்தித்தாள்களில் தவறாமல் வரும். அரசு விட்ட இடத்திலிருந்து ஃபிளெக்ஸ் கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளையைப் பாராட்டுவதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. மார்க் வருவதற்குப் பல வருடம் முன்பே வீட்டுக்குள் தொடங்கிவிடும் ஒரு பேச்சுதான் எனக்கு உறுத்துகிறது. "எங்க பையன் மத்த பசங்க மாதிரி இல்ல சார்" என்பது அது. சொல்பவர் பாசத்தில்தான் சொல்கிறார். கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பையன் அதை எப்படி எடுத்துக்கொள்கிறான்?

நெதர்லாந்தில் எடி புரூமெல்மன் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் இதைத் தேடிப் போனார்கள். 7 முதல் 12 வயதுக்குள் 565 பிள்ளைகள், கூடவே அவர்களின் பெற்றோர். ஆறு மாத இடைவெளியில் நான்கு முறை கேள்வித்தாள். 2015இல் வெளியான முடிவு, அதுவரை பலர் நம்பிவந்ததற்கு நேர்மாறாக இருந்தது. பாசம் கிடைக்காத பிள்ளைதான் ஏங்கி ஏங்கிக் கடைசியில் தன்னையே மோகிக்கத் தொடங்கும் என்பது பழைய உளப்பகுப்பாய்வு மரபின் ஒரு கருத்து. இந்த ஆய்வில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. 'நீ மற்றவர்களைவிட மேல், உனக்குக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும்' என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளிடம்தான் காலப்போக்கில் சுயமோகம், அதாவது நார்சிசிசம், ஏறியது. பெற்றோர் தன்னிடம் பாசமாக இருக்கிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகளிடம் ஏறியது தன்மதிப்பு. தன்மதிப்புள்ள பிள்ளைக்குத் தன்னைப் பற்றித் திருப்தி இருக்கிறது; அதற்காக அடுத்த பிள்ளை கீழே இருக்க வேண்டியதில்லை. வளர்ப்பு மட்டுமே எல்லாம் என்று இதற்கு அர்த்தமில்லை, பிறவிக் குணத்துக்கும் பங்குண்டு. ஆனால் பிறவிக் குணத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது; பேச்சை மாற்றிக்கொள்ளலாம்.

அதே குழு அதே வருடம் செய்த இன்னொரு வேலையைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். பெற்றோரிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து, இதில் எதெல்லாம் உங்கள் பிள்ளைக்குத் தெரியும் என்று கேட்டார்கள். நீல் ஆம்ஸ்ட்ராங் போன்ற உண்மையான பெயர்களோடு 'ஆல்பர்ட்டா ராணி' போன்ற, உலகத்தில் இல்லாத பெயர்களையும் கலந்துவிட்டார்கள். தன் பிள்ளையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் பெற்றோர், இல்லாத ராணியையும் தன் பிள்ளைக்குத் தெரியும் என்று டிக் அடித்தார்கள்! அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறனைச் சோதித்தால், மற்ற பிள்ளைகளைவிட ஒரு படியும் கூடுதலில்லை. இப்படிப்பட்ட பெற்றோர் பிள்ளைக்கு யாரும் வைக்காத பெயராகத் தேடி வைப்பதும் தெரிந்தது. 'கிளாஸ்ல வேற யாருக்கும் இருக்கக் கூடாது' என்று நம் ஊரில் பெயர் தேடுகிறவர்கள் என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முன்பு ஒருமுறை ஓர் அப்பா, எட்டு வயதிருக்கும் மகளோடு எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். கட்டைப்பை நிறைய ஷீல்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜையில் அடுக்கிவிட்டு, "நீங்க எதை வேணா கேளுங்க சார், சொல்லுவா" என்றார். நான் எதைக் கேட்பது? அந்தப் பெண்ணின் கண் முழுவதும் என் மேஜையிலிருந்த தேதி முத்திரை மேலேயே இருந்தது. எடுத்து ஸ்டாம்ப் பேடில் அழுத்தித் தன் உள்ளங்கையில் குத்திக்கொண்டாள். எழுத்து தலைகீழாக விழுந்ததைப் பார்த்து, கையைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "கையை அழுக்காக்காதே, போட்டோ எடுக்கணும்" என்று அப்பா அதட்டினார். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஷீல்டுகளில் பாதி அவருக்கானவை என்று மட்டும் தோன்றியது. பெற்றோரின் பாசத்துக்குள் அவர்களுடைய பழைய சுயமோகமே திரும்பத் தலையெடுக்கிறது என்று சிக்மண்ட் பிராய்ட் 1914இலேயே எழுதிவைத்திருக்கிறார்.

நாலு பேர் மதிக்க வேண்டும் என்ற ஆசை இல்லாத மனிதன் யார்? சுயமோகம் ஏறியவர்களுக்கு அந்த ஆசையே முழுநேர வேலையாகிவிடுகிறது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இங்கே யார் எனக்கு மேலே, யார் கீழே என்று கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். மரியாதை கிடைக்கும்வரை தன்னைத் தூக்கிப் பேசுவார்கள். கிடைக்கவில்லையென்றால் எதிரில் இருப்பவரை மட்டம் தட்டுவார்கள். இது எடுபடவும் செய்கிறது என்பதுதான் சங்கடம். தம்மை மிகையாக மதிப்பிட்டுக்கொள்பவர்களைப் பற்றி டெல்ராய் பவுலஸ் என்ற கனடா நாட்டு உளவியலாளர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், முதல் சந்திப்பில் உடன் உரையாடிய குழுவினருக்கு அவர்களைப் பிடித்துப்போனது. ஏழாவது சந்திப்பில் அதே ஆட்கள் கசந்துவிட்டார்கள். பேனரையும் ரீல்ஸையும் பார்க்கிற எல்லோருமே முதல் சந்திப்புக்காரர்கள்தானே? ஏழாவது சந்திப்பெல்லாம் வீட்டிலிருப்பவர்களுக்குத்தான்.

இந்த இடத்தில் நம் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. 'என் மாமியார் நார்சிசிஸ்ட்', 'என் கணவர் நார்சிசிஸ்ட்' என்று யூடியூப் பார்த்துவிட்டு வரும் கடிதங்கள் கூடிக்கொண்டே போகின்றன. சுயமோக ஆளுமைக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது; அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் தன் கையேட்டில் அதைச் சேர்த்தது. அதை ஒரு மனநல நிபுணர் பார்த்துத்தான் சொல்ல முடியும். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிற மாமியார் பெரும்பாலும் பெருமையடித்துக்கொள்கிற மாமியார் மட்டுமே.

கடைசியாக ஓர் அறிவிப்பு. அடுத்த இதழிலிருந்து நம் சிறுவர் பக்கத்து ஓவியங்களுக்கு முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. வந்ததில் எங்களுக்குப் பிடித்தவற்றை இடம் கொள்ளும் மட்டும் வெளியிடுவோம். பெயர், வயது, ஊர் எழுதினால் போதும். வாங்கிய விருதுகளின் பட்டியல் வேண்டாம். அப்பாவோ அம்மாவோ கோடு திருத்திக் கொடுத்த படங்களை எங்கள் ஓவியர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்